குரங்கணி மலை ஏறும் முன் மூன்று கேள்விகள்

(கோடை விடுமுறைக்கு முந்தைய சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடுமுறைக்குத் தேனி, கம்பம் பக்கம் போகலாம் என்று நம் குடியிருப்பில் சில குடும்பங்கள் திட்டம் போட்டிருக்கிறீர்கள். போடிநாயக்கனூர் வழியாகக் குரங்கணி போய் மலையேறலாமா என்றும் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இந்த ஐந்து நிமிடம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் இரண்டு மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் நம்மைப் போலவே வார விடுமுறைக்கு வந்தவர்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. உள்ளூர் மக்களும் மேலே ஏறிப் போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள்.

தெரியாத மலைக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: மலைக்கு இது எந்தக் காலம்? அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் வளரும் புல், மாசி பிறந்தால் காய்ந்து சருகாகிவிடும். நம் பிள்ளைகளுக்கு லீவு விடும் காலம், மலைக்குத் தீக்காலம். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கி எரியும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பாளர்களின் கணக்கு. அதை ஓடி ஜெயிக்க முடியாது.

இரண்டாவது: கூட வருவது யார்? 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 மலைப்பாதைகளைத் திறந்தது. குரங்கணி – சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். “எனக்குக் குறுக்குவழி தெரியும் சார்” என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். தீ அபாயம் என்று வனத்துறை பாதையை மூடியிருந்தால், பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது: ஏதாவது ஆனால் எந்தப் பக்கம் போவது? புறப்படும்போதே வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். தீ வந்தால் மேட்டை நோக்கி ஓடக்கூடாது. பள்ளமான ஓடைச் சரிவுகள் புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும். புல் இல்லாத வெறும் பாறையோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடமோதான் பாதுகாப்பு. பருத்தி உடை போடுங்கள். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது.

அப்படியானால் ஏப்ரலில் தேனிக்கே போக வேண்டாமா? தாராளமாகப் போங்கள். மலை ஏறாமல் பள்ளத்தாக்கிலேயே இருங்கள். கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை ஏறக்குறைய வருஷம் முழுக்கக் காய்க்கும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் பந்தலுக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். வைகை அணைப் பூங்கா இருக்கிறது. குரங்கணியை மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும் மார்கழி, தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. காசு கட்டிவிட்டோம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதற்காக ஏறாதீர்கள். வழிகாட்டி “இன்னைக்கு வேணாம்” என்றால் அப்படியே இறங்கிவிடுங்கள். பணம் போனால் போகட்டும், மலை அங்கேயேதான் இருக்கும்.