இல்லந்தோறும் ஆண்டுவிழா
(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

"லினக்சில் நேரலை வழங்கி அமைத்தல்" என்பது செயற்குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு. கணிப்பொறி கற்றவர்க்கே உரிய பேச்சு இது என்று எண்ணி எவரும் எழுந்துவிட வேண்டா. இது நம் வீட்டுச் செய்தி.

சென்ற ஆண்டுவிழாவை இலவச இணையத்தளம் ஒன்றின் வழியே நேரலையாக அனுப்பினோம். அப்பொறுப்பு என்னுடையது. சிறுமி ஒருத்தி மேடையேறி ஆடத் தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் படம் நின்றுவிட்டது. பின்னணியில் ஒலித்த பதிவுப் பாடலின் உரிமை வேறொருவருடையது என்று அத்தளத்தின் தானியங்கி முறை கண்டு, ஒளிபரப்பையே அறுத்துவிட்டது. முறையிட்டோம், மறுமொழி வந்தபோது விழா முடிந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. அச்சிறுமியின் பாட்டியார் இதே குடியிருப்பில், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். மறுநாள் அவரைக் காணச் சென்றேன். "தம்பி, குழந்தை ஆடி முடித்தாளா?" என்று கேட்டார். தலைகுனிந்து நின்றேன். இவ்வாண்டு அக்கேள்வி எழாதிருக்கச் செய்ய வேண்டுவது யாது என்பதே இன்றைய பேச்சு.

தம் குரலைத் தாமே பரப்புவது இம்மைசூர் நகருக்குப் புதிதன்று. மகாராஜா கல்லூரியில் உளவியற் பேராசிரியராக விளங்கிய டாக்டர் எம். வி. கோபாலசாமி அவர்கள், 1935ஆம் ஆண்டில், "விட்டல் விஹார்" என்னும் தம் இல்லத்திலேயே 30 வாட் ஆற்றலுடைய சிறு பொறியை நிறுவி வானொலி நடத்தினார். பழைய 60 வாட் குண்டு விளக்கின் ஆற்றலில் அது பாதியே! அவ்வில்லத்து நிலையம் தாங்கிய பெயரே "ஆகாசவாணி". பின்னாளில் இந்திய வானொலி முழுவதும் அப்பெயரை ஏற்றது. ஓர் இல்லம் அன்று செய்ததை, ஒரு சங்கம் இன்று செய்யலாகாதா?

செய்யலாம். ஆனால் ஒரு வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும். வானொலியைக் கேட்போர் பத்துப் பேராயினும் பதினாயிரம் பேராயினும் நிலையத்துக்குச் சுமை ஒன்றே. இணையத்திலோ, காண்போர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படி அனுப்பியாக வேண்டும். உணவு விடுதியில் பரிமாறுபவரை நாம் "சர்வர்" என்கிறோம் அல்லவா? இங்கும் அதே பெயர், அதே தொழில். சமைப்பது ஒருமுறை, பரிமாறுவது இலைதோறும்.

அமைப்பு முறை வருமாறு. மேடையருகே ஒரு கேமராவும் ஒரு மடிக்கணினியும் இருக்கும். "ஓபிஎஸ்" என்னும் இலவச மென்பொருள் படத்தையும் ஒலியையும் சுருக்கி, "ஆர்டிஎம்பி" என்னும் முறையில் வெளியே அனுப்பும். மண்டபத்திலிருந்து செல்வது ஒரே ஒரு படி. ஆதலின் எளிய இணைய இணைப்பே போதும்.

அதனைப் பெறுவது, நாம் வாடகைக்கு அமர்த்தும் லினக்ஸ் கணினி. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகோர் பலர் கூடி வளர்த்தது லினக்ஸ். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. அதில் "என்ஜின்எக்ஸ்" மென்பொருளையும் அதற்குரிய ஆர்டிஎம்பி இணைப்புக்கூறையும் நிறுவுவோம். படம் நுழையும் வாயிலுக்கு ஓர் எண் உண்டு. உலகெங்கும் இம்முறைக்கென வழங்கும் அவ்வெண் யாது தெரியுமா? 1935! தற்செயலான ஒற்றுமையே, ஆயினும் ஆகாசவாணி பிறந்த ஊரில் அமர்ந்து அவ்வெண்ணைத் தட்டியபோது என் உள்ளம் சிலிர்த்தது.

நுழைந்த படத்தை அக்கணினி ஆறாறு விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒரு பட்டியலுடன் வைக்கும். 2009இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட "எச்எல்எஸ்" முறை இது. வீட்டிலுள்ள கைப்பேசி பட்டியலைப் பார்த்துத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறும். சில துண்டுகள் சேர்ந்த பின்னரே படம் ஓடுமாதலின், ஏறத்தாழ 20 விநாடி பின்தங்கும். மண்டபத்தில் கரவொலி ஓய்ந்த பின்னரே பாட்டியார் கைதட்டுவார்; அதனால் குறைவொன்றுமில்லை.

கணக்கையும் பார்ப்போம். விநாடிக்கு 1.5 மெகாபிட் வீதம் அனுப்பினால் ஒரு வீட்டுக்கு மணிக்கு 675 மெகாபைட். மூன்று மணி நேர விழாவுக்கு ஏறக்குறைய 2 ஜிகாபைட். நூறு வீடுகள் கண்டால் 200 ஜிகாபைட்; ஒரே நேரத்தில் விநாடிக்கு 150 மெகாபிட் வெளியேற வேண்டும். வீட்டு இணைப்பில் இத்தனையும் வெளிச்செல்லும் என்று நம்பியிருத்தல் இயலாது. இதனாலேயே தரவு மையத்தில் உள்ள கணினியை வாடகைக்கு எடுக்கச் சொல்கிறேன். விழா முடிந்ததும் திருப்பிவிடலாம்.

காவலும் வேண்டும். அனுப்புவதற்குரிய மறைச்சொல் இன்றி எவரும் 1935ஆம் வாயிலில் நுழையலாகாது. நுழைந்தால் நம் மேடையில் அயலார் படம் ஓடும். காணும் பக்கத்துக்கும் கடவுச்சொல் வைப்போம். நம் பெண்மக்களின் ஆடல் உற்றார்க்கே உரியது. மண்டபத்து இணைப்பு அறுந்தால் கைகொடுக்கக் கைப்பேசி இணைப்பு ஒன்றும் ஆயத்தமாக இருக்கட்டும். முதல்நாளே ஒத்திகை பார்த்தல் இன்றியமையாதது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சர்வர் நம்முடையது என்பதால் பிறர் பாடலை இசைவின்றிப் பரப்பும் உரிமை நமக்கு வந்துவிடாது. உரிமையாளரிடம் இசைவு பெறுவோம். அல்லது பழைய கீர்த்தனைகளை நம்மவரே பாட, நட்டுவாங்கத்தோடு ஆடுவோம். சென்ற ஆண்டு இதனை எண்ணாதது என் பிழை.

செயற்குழுவை நான் வேண்டுவன மூன்று: ஒரு திங்கள் வாடகை, துணைக்கு மாணவர் இருவர், பெற்றோரின் எழுத்து இசைவு. இவற்றை அளித்தால், நடக்கவியலாத முதியோரும் கடல்கடந்த மக்களும் ஒரே வேளையில் நம் விழாவைக் காண்பர். அன்று அப்பாட்டியாரைக் காணச் செல்வேன். குழந்தை எவ்வாறு ஆடினாள் என்பதை அவரே எனக்குச் சொல்லுவார்.