வஞ்சிரம் யாருடைய ஆட்சியில் இருக்கிறது?

இந்தக் கருத்தரங்குக்குப் பேராசிரியர்களும் மாணவர்களும் வந்திருப்பதில் வியப்பில்லை. பின்வரிசையில் அந்தமானின் ஜங்லிகாட் மீன் இறங்குதளத்துப் படகுக்காரர்கள் சிலர் அமர்ந்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு மகிழ்ச்சி.

'பன்னாட்டு அமைப்புகளின் கட்டமைப்பும் ஆளுகையும்' என்பது நம் கருத்தரங்கின் தலைப்பு. இதைப் பார்த்ததும் நியூயார்க், ஜெனீவா என்றுதான் மனம் போகும். இங்கே இறங்குதளத்தில் கூடை கூடையாக விழும் வஞ்சிரத்தையும் சூரையையும் மயில்மீனையும் ஆள ஒரு பன்னாட்டு அமைப்பு இருப்பதைப் பலர் அறிய மாட்டார்கள். அதன் பெயர் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். தலைமையகம் சீஷெல்ஸின் விக்டோரியா நகரம். அதன் ஒப்பந்தம் 1993இல் ஏற்கப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1995இலேயே சேர்ந்துவிட்டது. பெயரில் சூரை மட்டும் இருந்தாலும் அதன் அதிகாரத்தில் 16 மீனினங்கள் உண்டு. வஞ்சிரமும் அதில் அடக்கம்.

இந்த ஆணையம் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பினுடைய சாசனத்தின் 14ஆவது பிரிவின் கீழ் பிறந்தது. அதன் செயலாளரை நியமிப்பவர் ரோமில் இருக்கும் அந்த அமைப்பின் தலைமை இயக்குநர். ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது வேறு விஷயம். இந்தப் பிறப்பால் ஒரு விநோதமும் நேர்ந்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் ஆயிரங்கால் தூண்டில் போடும் பெரிய மீன்பிடிக் கப்பல் தொகுதிகளில் ஒன்று தைவானுடையது. ஐ.நா. குடும்பத்தில் தைவானுக்கு இடமில்லை என்பதால், அதன் பிரதிநிதிகள் இங்கே 'அழைக்கப்பட்ட வல்லுநர்கள்' என்ற பெயரில் வந்து உட்காருகிறார்கள். மீன் பிடிக்கிறவர் உறுப்பினர் இல்லை. சாசனம் எழுதும்போது தாய் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆணையத்தின் செலவில் 10 விழுக்காட்டை எல்லா உறுப்பினர்களும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்னொரு 10 விழுக்காட்டை மீன் பிடிக்கும் நாடுகள் ஏற்கின்றன. 40 விழுக்காடு தனிநபர் வருமானத்தையும் மீதி 40 பிடிப்பின் அளவையும் பொறுத்தது. நியாயமான கணக்குதான். சந்தா வசூலில் இருக்கும் இந்த நியாயம் முடிவெடுப்பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரித்தால் கட்டுப்படுத்தும் தீர்மானம் நிறைவேறும். ஆனால் 120 நாளுக்குள் ஓர் உறுப்பினர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டால் அது அவரைக் கட்டுப்படுத்தாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்சேபித்தால் மற்றவர்களும் விடுபடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் நடந்தது நினைவிருக்கும். சுருக்குமடிக் கப்பல்கள் கடலில் மிதக்கவிடும் மீன்கூட்டு மிதவைகளுக்கு ஆண்டுதோறும் 72 நாள் தடை விதிக்க இந்தோனேசியா தீர்மானம் கொண்டுவந்தது. இந்தியா உள்ளிட்ட கரையோர நாடுகள் துணை நின்றன. வாக்கெடுப்பில் வென்றது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபித்தது. வேறு சிலரும் வரிசையாக ஆட்சேபிக்க, வென்ற தீர்மானம் வெறும் காகிதமாயிற்று.

ஐரோப்பாவைத் திட்டுவது எளிது. மஞ்சள் துடுப்புச் சூரையின் பிடிப்பைக் குறைக்க 2021இல் வந்த தீர்மானத்துக்கு ஆட்சேபம் கொடுத்தவர்களில் இந்தியாவும் உண்டு. அதற்கு நம் தரப்பில் காரணம் இருக்கிறது: சிறு படகுக்காரரின் பிடிப்பையும் தொலைதூரத் தொழிற்கப்பல்களின் பிடிப்பையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. காரணம் நல்லதாகவே இருக்கட்டும். நாமும் அதே கதவு வழியாகத்தான் வெளியேறினோம். சட்டமன்றம் போலத் தோன்றும் இந்த ஆணையம் உண்மையில் விருப்பமிருந்தால் கட்டுப்படுவோம் என்ற உடன்பாடுதான் என்பது என் கருத்து.

இதெல்லாம் ஜங்லிகாட்டுக்கு எதற்கு? பங்கீட்டுக்காக. எந்த நாட்டுக்கு எவ்வளவு பிடிப்பு உரிமை என்ற சூத்திரத்தை ஆணையம் 2011 முதல் பேசிக்கொண்டிருக்கிறது. கடந்தகாலப் பிடிப்பை வைத்துப் பங்கு கொடு என்கின்றன தொலைதூரக் கப்பல் நாடுகள். எங்கள் கடலில் நீ பிடித்ததும் எங்கள் கணக்குதான் என்கின்றன கரையோர நாடுகள். இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுற்றி சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர் தனிப் பொருளாதார மண்டலம் இருக்கிறது. இந்தியாவினுடையதில் கால் பங்குக்கு மேல். அங்கே நாம் பிடித்த சூரையோ மிகக் குறைவு. பழைய பிடிப்பே அளவுகோல் என்றால், கடல் நம்முடையதாக இருக்கும், பங்கு வேறொருவருடையதாக இருக்கும்.

பக்கத்து நாடுகளோடு பேச இன்னொரு வாசலும் உண்டு: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடா திட்ட அரசாங்கங்களுக்கிடையிலான அமைப்பு. 1979இல் திட்டமாகத் தொடங்கி 2003இல் தனி அமைப்பானது. அப்போது கையெழுத்திட்டவை வங்கதேசம், இந்தியா, இலங்கை, மாலத்தீவு. அது ஆலோசனை சொல்லும், கட்டளையிடாது. அந்தமான் கடலின் எதிர்க்கரையிலுள்ள மியான்மரோ அதில் கையெழுத்திடவில்லை, சூரை ஆணையத்திலும் உறுப்பினர் இல்லை.

இன்று கட்டுரை வாசிப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. விக்டோரியாவின் மேசையில் எடுபடுவது பேச்சல்ல, புள்ளிவிவரம். இறங்குதளத்தில் எழுதப்படும் பதிவேட்டில் சூரை, வஞ்சிரம் ஒவ்வொன்றும் இனம் பிரித்து, எந்தக் கடற்பகுதி, எந்த வலை அல்லது தூண்டில் என்ற விவரத்தோடு இருந்தால்தான் தீவின் பிடிப்பு தீவின் பெயரில் நிற்கும். கோட்பாடுகளைப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிற்பகல் அமர்வில் மட்டும் அந்தப் பதிவேட்டை எப்படித் திருத்துவது என்று படகுக்காரர்களையும் அலுவலர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி, ஒரு மாதிரிப் படிவத்தோடு எழுந்திருக்க வேண்டுகிறேன். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.