ஜோனின் சம்மதம்



திருமண ஓலை வாசிப்பதற்கு முன் மணமகனையும் மணமகளையும் பங்குத்தந்தை தனித்தனியே விசாரிப்பது உங்களுக்குத் தெரியும். "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிக்கிறாயா?" பல பெற்றோருக்கு இது வெறும் சடங்கு. மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, இனி என்ன கேள்வி என்பார்கள். இந்த ஒரு கேள்விக்காகத் திருத்தந்தை வரை போன ஒரு வழக்கு உண்டு.

இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் பேத்தி ஜோன். அவள் தந்தை, கென்ட் பிரபு எட்மண்ட், 1330இல் அரியணைப் போட்டியில் தலை வெட்டப்பட்டார். தகப்பனில்லாத பிள்ளை அரண்மனையில் வளர்ந்தது. 1340இல், ஏறக்குறைய 12 வயதில், தாமஸ் ஹாலண்ட் என்ற சொத்துபத்தில்லாத போர்வீரரை இரகசியமாக மணந்தாள். அன்றைய திருச்சபைச் சட்டம் அந்த வயதை ஏற்றது. நமக்கோ அது பள்ளிக்கூட வயது, அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

தாமஸ் போருக்குப் போனார். வீட்டார் சும்மா இருப்பார்களா? சால்ஸ்பரி பிரபுவின் வாரிசான வில்லியம் மாண்டகுவுக்கு அவளைக் கட்டி வைத்தார்கள். நல்ல குடும்பம், நல்ல நிலபுலம்.

1346இல் பிரான்சில் ஒரு பெரிய பிரபுவைச் சிறைபிடித்த தாமசுக்கு மீட்புப்பணம் கிடைத்தது. வழக்காடப் பணம் அன்றும் வேண்டியிருந்தது! அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை ஆறாம் கிளமென்டிடம் முறையிட்டார். மாண்டகு ஜோனை அடைத்து வைத்தார், அவள் வாய் திறக்கக் கூடாதென்று. அவள் தனக்கென வழக்கறிஞரை அமர்த்த வழிவிட வேண்டும் என்று திருத்தந்தையின் ஆணை வந்தது. 1349 நவம்பரில் தீர்ப்பு: முதல் சம்மதமே திருமணம், ஜோன் தாமசின் மனைவி.

ஒன்றைக் கவனியுங்கள். ஆசி வழங்கக் குருவானவர் இல்லாதபோதும், பெற்றோர் அறியாதபோதும், மணமக்கள் இருவரின் சொல் செல்லும் என்றது திருச்சபை. அரச குடும்பத்தின் ஏற்பாடு செல்லவில்லை. இத்தகைய இரகசிய மணங்களால் வந்த குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் பங்குத்தந்தையும் சாட்சிகளும் கட்டாயம் என்றது. ஆனாலும் நாங்கள் அங்கே சாட்சிகள்தாம். திருமணத்தைச் செய்பவர்கள் மணமக்கள்.

தாமஸ் 1360இல் இறந்தார். மறு ஆண்டே ஜோன் பட்டத்து இளவரசர் எட்வர்டை மணந்தாள். அவர்கள் மகன் இரண்டாம் ரிச்சர்டு அரசரானார். இளவரசரின் கல்லறை கேன்டர்பரி பேராலயத்தில் இருக்கிறது. 1385இல் இறந்த ஜோனோ, தன் உயிலில் ஸ்டாம்ஃபோர்டு பிரான்சிஸ்கன் ஆலயத்தைக் கேட்டிருந்தாள். அங்கேதான் தாமஸ் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.