எமிலி மலையில் இருந்த நீர்த்தொட்டி



சிங்கப்பூருக்குச் செல்லும் நம் மக்கள் தேக்காச் சந்தையையும் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் ஆலயத்தையும் காணாமல் திரும்புவதில்லை. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே எமிலி மலைப் பூங்கா உள்ளது. அதன்மேல் ஏறிப் பார்ப்போர் சிலரே. நகரத்திற்குக் குழாய்த் தண்ணீர் வழங்கிய தொட்டி ஒன்று அங்கே இருந்தது.

அதற்கு முன் கிணற்று நீரை மாட்டு வண்டிகள் சுமந்தன. சீனர் வட்டாரத்தின் 'கிரேத்தா ஆயர்' என்னும் மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்பதே பொருள். மலையடிவாரத்துத் தோபி காட், ஓடை நீரில் நம்மவர் துணி வெளுத்த இடம்.

மலாக்காவில் பிறந்த வணிகர் டான் கிம் செங், நகரத்தார்க்கு நல்ல தண்ணீர் கிடைக்கவேண்டி 1857இல் 13,000 வெள்ளி வழங்கினார். பள்ளத்து நீர் தானாக மேட்டுக்கு ஏறாது என்பதை மறந்த பொறியாளர்கள் அப்பணத்தை வீணாக்கினர் என்றொரு பேச்சு உண்டு. எவ்வாறாயினும், பணி நீண்டது. 1864இல் கண்மூடிய அவர் குழாயில் தண்ணீர் விழுவதைக் காணவில்லை. இன்று மெக்ரிட்சி எனப்படும் நீர்த்தேக்கம் 1868இல் முடிந்தும், நீரேற்றும் இயந்திரங்களுக்காக மேலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவர் நினைவாக 1882இல் எழுப்பிய நீரூற்று இப்போது எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது.

எமிலி மலைத் தொட்டி 1878இல் அமைந்தது. நம் வாழ்வோடு பிணைந்த ரப்பர்க் கன்றுகள் இருபத்திரண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு அது! நீரை ஒருமுறை மேட்டில் ஏற்றிவிட்டால், பிறகு அது தன் எடையாலேயே தாழ்ந்த வீடுகளுக்கு விசையோடு இறங்கும். இயந்திரம் சற்று நின்றாலும் குழாய் உடனே வறளாது. தோட்டங்களில் மேட்டில் தொட்டி கட்டுவதும் இதற்காகவே. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் குடத்துடன் நடந்த நம் தாய்மார்க்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

1920களின் இறுதியில் கேன்னிங் கோட்டைக் குன்றில் பெரிய தொட்டி எழுந்தது. எமிலி மலைத் தொட்டி, 1931இல் சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளமாயிற்று. 1981இல் அதுவும் மூடப்பட்டது.

வளர்ந்த நகருக்கு உள்ளூர் நீர் போதவில்லை. ஜொகூர் குனோங் பூலாய் நீர் கடற்பாலத்தின் வழியே சென்றது. 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய படையினர் பாலத்தைத் தகர்த்தபோது அக்குழாயும் அறுந்தது. இன்று 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஜொகூர் ஆற்று நீர் செல்கிறது. பேருந்தில் கடற்பாலத்தைக் கடக்கும்போது சன்னல் வழியே பாருங்கள். சாலையோரத்தில் அந்தப் பருத்த குழாய்கள் உடன் வரும்.