சந்தா கட்டினால் மட்டும் போதுமா?

(தோட்ட மாதர் தலைவிகளின் பயிற்சி வகுப்பில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மாதாமாதம் சம்பளத்தில் சங்கத்துக்குச் சந்தா பிடிக்கிறார்கள். ஆணுக்கும் அதே சந்தா, பெண்ணுக்கும் அதே சந்தா. ஆனால் சங்கத்துக்குள்ளே இருவரும் சமமா? நம்மைப் போலவே கடல் கடந்து பிழைக்கப் போன தொழிலாளர், இங்கிலாந்தில் இதே கேள்வியைக் கேட்டார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும், உகண்டா, கென்யா முதலிய ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் நிறையக் குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறின. லஃபரோ என்னும் ஊரில் ஒரு பின்னலாடை ஆலை. கூலி கூடிய பின்னல் மெஷின் வேலை வெள்ளையருக்கே என்று வைத்திருந்தார்கள். 1972-ல் ஆசியத் தொழிலாளர் ஸ்ட்ரைக் செய்தார்கள். சங்கம் முழு மனதாகக் கைகொடுக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? சங்கத்தின் ஆபீசுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள்! அதன் பிறகுதான் சங்கம் ஸ்ட்ரைக்கை ஏற்றுக்கொண்டது.

1974-ல் லெஸ்டர் நகரில் டைப்ரைட்டர் செய்யும் தொழிற்சாலை. போனஸ் கணக்கில் குறை, சங்கப் பிரதிநிதி தெரிவிலும் குறை. மே முதலாம் திகதி 39 பேர் வெளியே வந்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவர்கள் சந்தா கட்டிய போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கமோ ஆதரவு தரவில்லை. ஸ்ட்ரைக் படியும் இல்லை. இருந்தும் சுமார் மூன்று மாதம் தாக்குப் பிடித்தார்கள்.

அடுத்து லண்டனில் கிரன்விக் என்ற போட்டோ கழுவும் கம்பெனி. 1976 ஓகஸ்டில் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணி வேலையை விட்டு வெளியே வந்தார். அவரோடு வெளியேறியவர்களில் அநேகர் சேலை கட்டிய பெண்கள். சங்கத்தில் சேர்ந்து, சங்கத்தை அங்கீகரிக்கும்படி கேட்டார்கள். இந்த முறை நிலைமை மாறியது. தபால்காரர்கள் கம்பெனியின் தபாலைத் தொட மறுத்தார்கள். 1977-ல் சுரங்கத் தொழிலாளர் உட்பட ஆயிரக்கணக்கான வெள்ளைத் தொழிலாளர் வாசலில் வந்து நின்றார்கள். ஆனால் மேலிடத் தலைவர்மார் பின்வாங்கினார்கள். ஜெயாபென் தொழிற்சங்கக் காங்கிரஸ் தலைமையகத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார். அதற்காக அவருடைய சங்கமே அவரை இடைநிறுத்தியது! 1978 ஜூலையில் போராட்டம் முடிந்தது. போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. கறுப்பர், ஆசியர் என்று பிரித்துப் பார்த்துச் சங்கம் நடத்த முடியாது என்பது அங்கே எல்லாருக்கும் உறைத்தது. லெஸ்டரில் கைவிட்ட அதே சங்கத்துக்கு 1991-ல் ஜமேக்காவில் பிறந்த கறுப்பின பில் மொரிஸ் பொதுச் செயலாளராகத் தெரிவானார்.

நம்ம கதையும் லேசில்லை. ஒரே மலையில் வேலை செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984-ல்தான் வந்தது. ஆனாலும் கொழுந்து பறிக்கிற கை நம்முடையது, கமிட்டியில் பேசுகிற வாய் இன்னும் பெரும்பாலும் ஆண்களுடையது.

ஆகவே தாய்மார்களே, அடுத்த தோட்டக் கமிட்டித் தெரிவு நாளில் சமையலைக் கொஞ்சம் முன்பின்னாக வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள். ஒரு பெண்ணின் பெயரை நீங்களே பிரேரியுங்கள், இன்னொருவர் ஆமோதியுங்கள். கேட்காத இடத்தை யாரும் எழுந்து தரமாட்டார்கள்.