எந்த விரலைக் காக்கும்?
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உறுப்பினர்கள் தத்தம் ஈடுபாடு ஒன்றைப் பற்றி இன்று பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். என் ஈடுபாடு வாள். அதிலும் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து நெடுவாள்களின் நகல்களைக் கொல்லரிடம் சொல்லிச் செய்வித்துச் சேர்ப்பது. தொண்டைமானின் படைக்கலச் சாலையைப் பார்த்த அவ்வையார், மாலையும் மயிலிறகுமாகப் பளபளக்கும் அவன் படைகளையும், போரில் நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கும் அதியமான் படைகளையும் ஒப்பிட்டுப் பாடிய புறநானூற்றுப் பாட்டை அறியாதவர் இந்த அவையில் இல்லை. அந்தப் பாட்டின்படி நான் தொண்டைமான் கட்சி. போதாக்குறைக்கு, போரையே காணாத நகல்களைச் சேர்ப்பவன். ஆகவே சற்றுக் கூச்சத்துடனேதான் பேசத் தொடங்குகிறேன்.

நெடுவாள் என்பது இரு கைகளாலும் பிடித்து வீசும் வாள். ஏறத்தாழ நான்கடி நீளம். அதன் பழைய வடிவில் பிடிக்கும் அலகுக்கும் இடையே ஒரு குறுக்குச் சட்டம் மட்டுமே இருந்தது. பார்ப்பதற்குச் சிலுவை போல இருக்கும். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினாறாம் நூற்றாண்டிலும் அந்தச் சட்டத்திலிருந்து வளையங்களும் வளைந்த கம்பிகளும் கிளைக்கத் தொடங்கின. இத்தகைய பிடியைத்தான் சிக்கற்பிடி என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

முதன்முதலாக இத்தகைய பிடிகளை லண்டன் வாலஸ் தொகுப்பில் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தபோது, கொடி படர்ந்தாற்போன்ற அலங்காரம் என்றே நினைத்தேன். அது பிழை. வாள் முனை தான் நினைத்த இடத்துக்குப் போக வேண்டுமானால், வீரன் சுட்டுவிரலைக் குறுக்குச் சட்டத்தைத் தாண்டிக் கொண்டுபோய் அலகின் அடியைப் பற்றுவான். அப்போது விரல் வெளியே தெரியும். அதைக் காக்க ஒரு வளையம் வந்தது. ஜெர்மானிய வாட்போர் ஆசான்கள் சில வீச்சுகளுக்குக் கட்டைவிரலை அலகின் தட்டைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். அந்த விரலுக்கும் புறங்கைக்கும் காவலாகப் பக்கவாட்டில் மற்றொரு வளையம் வந்தது. இரும்புக் கையுறை அணியாமல் வாள் ஏந்துவோர் பெருகப் பெருக, கையுறை செய்த வேலையைப் பிடியே ஏற்றுக்கொண்டது. செதுக்கு வேலையும் பொன்முலாமும் இவற்றின் மேல் ஏறியவை. முதலில் வந்தது விரல். அழகு அதன் பின்னால் வந்தது.

இதை நான் நூலில் படித்தேன். ஆனால் கை அறியவில்லை. 2008இல் ஒரு விற்பனைப் பட்டியலின் படத்தை மட்டும் நம்பி என் முதல் நகலை வாங்கினேன். சுவரில் மாட்டினால் கண்ணைப் பறிக்கும். கையில் எடுத்தால் மணிக்கட்டைப் பறிக்கும். நிறுத்துப் பார்த்தேன், இரண்டரைக் கிலோவுக்கு மேல். அக்காலத்து மூல வாள்களுள் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒன்றே கால் முதல் ஒன்றேமுக்கால் கிலோவுக்குள் அடங்குபவை. பிழை எங்கே? அந்த நகலின் அலகு அடிமுதல் நுனிவரை ஒரே தடிப்பாக இருந்தது. பழைய கொல்லன் அலகை அடியில் தடித்தும் நுனியை நோக்கி மெலிந்தும் வரும்படி அடித்தான். அந்த மெலிவு படத்தில் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றில்தான் வாளின் உயிர் இருக்கிறது.

அதன்பின் அளவுகளைத் தேடினேன். அருங்காட்சியகப் பட்டியல்கள் நீளத்தையும் எடையையும் சொல்லும். தடிப்பைச் சொல்வது அரிது. மூல வாள்களைத் தொட்டு அளந்து, எந்தெந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் புள்ளியில் விரல்மேல் வைத்தால் சமன் கொள்ளும் என்றெல்லாம் குறித்து வைத்துச் செய்யும் கொல்லர் ஒருவரை 2013இல் கண்டடைந்தேன். பதினான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார், சம்மதித்தேன்.

வரைபடம் வந்தது. இரண்டு பக்க வளையங்கள், ஒரு விரல் வளையம், அவ்வளவே. எனக்கு அது போதவில்லை. வேறொரு வாளின் படத்தில் கண்ட அழகான வளைகம்பி ஒன்றையும் சேர்க்கும்படி எழுதினேன். அவர் மறுமொழியில் ஒரே கேள்வி: 'இந்தக் கம்பி எந்த விரலைக் காக்கும்?'

நான் சொன்ன கம்பி எந்த விரலையும் காக்காது. எடையைக் கூட்டும்; பிடியை மாற்றும்போது மணிக்கட்டில் இடிக்கும். அதை அவர் செய்யவில்லை. வாள் வந்ததும் இரு கைகளாலும் எடுத்துக் கட்டைவிரலை அலகில் பதித்தேன். விரல் போய் நின்ற இடத்துக்கு நேரே அந்த வளையம் காத்திருந்தது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவன் கைக்கு நேர்ந்த அச்சத்தை என் கை உணர்ந்தது. கண்ணாடிக்கு இப்பால் நின்று எத்தனை ஆண்டு பார்த்தாலும் அந்த அறிவு வந்திராது. நகலுக்கு நான் கூறும் நியாயம் அதுவே.

நகலுக்கு ஓர் அறமும் உண்டு. பாசாவ் நகர வாள்களின் ஓநாய் முத்திரைக்கு மதிப்பு இருந்ததால், சோலிங்கன் கொல்லர்கள் அதைத் தம் அலகுகளிலும் பொறித்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக்கில் எர்ன்ஸ்ட் ஷ்மிட்டின் பட்டறை, பழைய படைக்கலங்களின் நகல்களை நகல் என்று சொல்லியே விற்றது. கை பல மாறிய பின் அத்தகைய நகல்களுள் சில மூலங்களாகக் கருதப்பட்டதும் உண்டு. என் வாளைப் பார்த்த நண்பர் ஒருவர், அமிலம் தடவிப் பழமை ஏற்றித் தருவதாகச் சொன்னார். ஒரு மாலைப்பொழுது முழுதும் மனம் ஊசலாடியது என்பதை மறைக்க மாட்டேன். மறுநாள் கொல்லருக்கு அதைத் திருப்பி அனுப்பி, குமிழின் அடியில் அவர் பெயரையும் 2014 என்ற ஆண்டையும் வெட்டித் தரச் சொன்னேன். நான் இல்லாத காலத்தில் அந்த வாள் யாரிடமும் பொய் சொல்லக்கூடாது.

கவிஞர் பெருமக்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. நம் வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் முன்னோர் யாப்பையும் நடையையும் பின்பற்றி எழுதிய பாடல்கள் எத்தனையோ அரங்கேறியிருக்கின்றன. அவற்றை நகல் என்று சிலர் குறை கூறியபோதெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. இன்று கூறுகிறேன்: அளவறிந்து செய்த நகல் கைக்குக் கல்வி. ஆனால் ஓர் அடைமொழியைச் சேர்க்கும்போது அந்தக் கொல்லரின் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என் சிறு கட்டுரைகளில் அதைக் கேட்கத் தொடங்கியபின் அவை பாதியாகச் சுருங்கிவிட்டன.

அவ்வையார் என் அறைக்கு வந்தால் இன்னும் நகைக்கத்தான் செய்வார். நகைக்கட்டும். அந்த ஒரு வாளை மட்டும் அவர் கையில் கொடுத்து, விரல் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கச் சொல்வேன்.