கோயம்பேட்டுக் கடைக்காரர் கேட்ட கேள்வி



வரும் ஆண்டில் எந்தப் புதுக் கருவி மக்கள் கைக்கு வரும், எது வராது என்று, இன்று பட்டம் பெறும் உங்களிடம் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எனக்குச் சோறு போடும் தொழில் இதுதான். அடுத்த ஆண்டு எத்தனை போன் தயாரிக்கலாம், என்ன விலை வைக்கலாம், எந்த ஊருக்கு எத்தனை பெட்டி அனுப்பலாம் என்று முன்கூட்டியே கணக்குச் சொல்லும் வேலை. அதனால் என் கணிப்புகளைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் நான் தவறிய ஒரு கணிப்பைச் சொல்லியாக வேண்டும். அதிலிருந்துதான் இந்தத் தொழிலையே நான் கற்றுக்கொண்டேன்.

1998-ல் சென்னையில் பேஜர் விற்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு முதல் வேலை. உங்களில் பலர் பேஜரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும். இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். உங்களுக்குச் சேதி சொல்ல நினைப்பவர் ஒரு மையத்துக்குப் போன் செய்வார். அங்கே இருக்கும் பெண் அதைக் கேட்டு, தட்டச்சு செய்து அனுப்புவார். உங்கள் இடுப்பில் பீப் என்று சத்தம் வரும். டாக்டர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், மொத்த வியாபாரிகள் எல்லாரும் வைத்திருந்தார்கள். பேஜரும் செல்போனும் நம் நாட்டுக்கு ஒரே ஆண்டில், 1995-ல் வந்தவை. ஆனால் செல்போனில் பேச நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை ஆனது. நமக்கு யாராவது கூப்பிட்டாலும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். பேஜர்தான் சாமானியனின் கருவி என்று நாங்கள் மனதார நம்பினோம்.

சென்னையில் அடுத்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேஜர் விற்கும் என்று மதிப்பிட, வாடிக்கையாளர்களை நேரில் பார்த்துப் படிவம் நிரப்பும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அப்படித்தான் ஒரு நாள் அதிகாலை நாலு மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போனேன். கோலாரிலிருந்து தக்காளி லாரிகள் வந்து நின்றிருந்தன. கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு மொத்தக் கடைக்காரர், வேட்டி மடிப்பில் பேஜரைச் செருகியிருந்தார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அது பீப் அடித்தது. எடுத்துப் பார்த்தார். எழுந்தார். ஓட்டமும் நடையுமாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். அங்கே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். இவர் முறை வந்து, பேசி முடித்துத் திரும்பி வரும்போது பக்கத்துக் கடையில் தக்காளி விலை மாறியிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, கூப்பிடுறாங்கன்னு இது சொல்லுது, சரி. நான் பதில் சொல்லணும்னா இதுகிட்ட எப்படிச் சொல்றது?"

என் கையில் இருந்த படிவத்தில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை. பயன்படுத்துகிறாரா, ஆம். தினமும் எத்தனை சேதி, பதினைந்து. அடுத்த ஆண்டும் வைத்திருப்பாரா, ஆம். மூன்றையும் எழுதிக்கொண்டு திரும்பிவிட்டேன். அறிக்கையில் கோடு மேலே மேலே ஏறிப் போனது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

சேதி வாங்குகிற கருவி வேறு, பேசுகிற கருவி வேறு என்பதை அந்த மனிதர் ஒரே கேள்வியில் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். செல்போன் கட்டணம் எவ்வளவு குறைந்தால் அவர் பேஜரைக் கழற்றி வைப்பார் என்று மட்டும் நான் கணக்குப் போட்டிருந்தால் போதும். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. 2003-ல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதற்கு முன்பே பேஜர் படுத்துவிட்டது. எங்கள் சேதி மையத்தில் இரவெல்லாம் விழித்துத் தட்டச்சு செய்த பெண்களுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மையம் விரிவடையும் என்ற கணிப்பை நம்பித்தான் அவர்களில் பாதிப் பேரை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அந்தக் கணிப்பை எழுதியவன் நான். எனக்கு வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது. அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. ஒரு கணிப்பு பொய்த்தால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன், இன்றுவரை மறக்கவில்லை.

என்னைவிடப் பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், 2000-ம் ஆண்டுக்குள் அந்நாட்டில் எத்தனை பேர் செல்போன் வைத்திருப்பார்கள் என்று மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்திடம் கேட்டது. சுமார் 9 லட்சம் என்று பதில் வந்தது. உண்மையில் 2000-ல் அது 10 கோடியைத் தாண்டியிருந்தது. அவர்கள் முட்டாள்கள் இல்லை. 1983-ல் விற்பனைக்கு வந்த மோட்டோரோலா கைபேசி முக்கால் கிலோவுக்கு மேல் கனம், விலை 3,995 டாலர், பத்து மணி நேரம் சார்ஜ் போட்டால் அரை மணி நேரம் பேசலாம். இந்தச் செங்கல்லை யார் தூக்கிக்கொண்டு அலைவார்கள் என்று கேட்டால் 9 லட்சம் பேர் என்பதே தாராளமான பதில்தான். செங்கல் செங்கல்லாகவே இருக்கும் என்று நினைத்ததுதான் பிழை.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நுகர்வோர் மின்னணுப் பொருட்காட்சி நடக்கிறது. 'இந்த ஆண்டு வரப்போகிறவை' என்று பத்திரிகைகள் போடும் பட்டியல்களில் பாதி அங்கே பிறப்பவை. 2010-ல் அந்த அரங்கு முழுக்க முப்பரிமாண டி.வி. 'அவதார்' படம் வெளிவந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இனி எல்லார் வீட்டிலும் இதுதான் என்றார்கள். 2017-ல் எல்.ஜி.யும் சோனியும்கூட அதைக் கைவிட்டன. ஏன்? நம் வீட்டுக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்க்கிறார். அம்மா அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே பார்க்கிறார். குழந்தை தலைகீழாகப் படுத்துக்கொண்டு பார்க்கிறது. இவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்த்த கருவி அது. தட்டை டி.வி. வாங்க வேண்டியவர்கள் பலரும் வாங்கி முடித்திருந்த நேரம். அவர்களை மறுபடியும் கடைக்கு வரவழைக்கக் கம்பெனிகளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. விற்கிறவரின் தேவையை வாங்குகிறவரின் ஆசையாக எழுதி வைத்தார்கள். நீங்கள் படிக்கும் எந்தக் கணிப்பையும் முதலில் இந்தக் கண்ணால் பாருங்கள்: இதைச் சொல்கிறவர் எதை விற்கிறார்?

வந்த கருவி எப்படி வந்தது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். இதை நான் எத்தனை முறை நினைத்தாலும் மனம் நிறைகிறது.

எங்கள் தெருக் கோயில் வாசலில் ஓர் அம்மா பூ விற்கிறார். ஈர வாழைநார், ஈரக் கை. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை பூச்சரத்தை நீட்டி அளந்துகொண்டே இருப்பார். போன மாதம் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் போனைக் காட்டிவிட்டுப் பூவை வாங்கினார். கூடைக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி, "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சொன்னது. அந்த அம்மா தலைநிமிரவே இல்லை. அடுத்த முழத்தை அளக்கத் தொடங்கிவிட்டார்.

அங்கே ஒட்டியிருந்த கட்டம் கட்டமான கியூ.ஆர். கோடு 1994-ல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் பிறந்தது. மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரின் குழு, கார் உதிரிப் பாகங்களை வேகமாகக் கணக்கெடுக்க உருவாக்கியது. ஒரு பார்கோடில் இருபது எழுத்து அளவுதான் அடங்கும். ஒரு பெட்டிக்குப் பல பார்கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக் காட்டித் தொழிலாளர்களின் கை ஓய்ந்துபோனது. அவர்களின் அலுப்பைத் தீர்க்க வந்த கட்டம் அது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று, காப்புரிமை இருந்தும் அந்த நிறுவனம் அதை வலியுறுத்தவில்லை. அந்தக் கட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகத்தில் இருந்தது, பூக்காரம்மாவிடம் வரவில்லை. வருவதற்கு மலிவான கேமரா போன் வேண்டியிருந்தது. 2016-ல் ஜியோ வந்தபின் இறங்கிய டேட்டா விலை வேண்டியிருந்தது. அதே 2016 ஏப்ரலில் தொடங்கிய யு.பி.ஐ. வேண்டியிருந்தது. கார்டு தேய்க்கும் எந்திரத்துக்கு வாடகை, மின்சாரம், இணைப்பு என்று ஏகப்பட்ட தேவை. இந்தக் கட்டத்துக்கு ஒரு தாளும் பசையும் போதும். 2023 ஆகஸ்டில் யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடியைத் தாண்டின.

அப்படியும் ஒரு குறை இருந்தது. பணம் வந்ததா என்று பார்க்க அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்க வேண்டும். எடுப்பதற்குள் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்களும் இருந்தார்கள். அதனால் வந்தது அந்தப் பேசும் பெட்டி. உள்ளே ஒரு சிம், ஒரு ஸ்பீக்கர், ஒரு பேட்டரி. ஈரக்கையைப் பார்த்தவர் ஒருவர் செய்திருக்கிறார். கோயம்பேட்டில் நான் எழுதாமல் விட்ட கேள்வியை இவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

2003-ல் வந்த நோக்கியா 1100 ஞாபகம் இருக்கிறதா என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். அதன் தலையில் ஒரு டார்ச் இருந்தது. தூசி புகாத விசைப்பலகை. கேமரா போன்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் டார்ச் வைத்த போன் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. கரண்ட் போகும் ஊர்களில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று யாரோ பார்த்திருக்கிறார்கள். அதே நிறுவனம்தான் தொடுதிரையின் வேகத்தைத் தாமதமாக உணர்ந்தது. 2006-ல் உற்பத்தி தொடங்கிய அதன் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் நின்றது. வரித் தகராறு, நிறுவனம் கைமாறியது, சந்தை மாறியது என்று காரணங்கள் பல. ஆலையை விட்டு வெளியே வந்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பகுதி உங்கள் வயதுப் பெண்கள். உங்களில் சிலர் நாளை அதே வட்டாரத்தில் இருக்கும் ஆலைகளில் திட்டமிடும் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். உங்கள் எண்ணை நம்பித்தான் ஷிப்டு போடுவார்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. அரசின் திட்டத்துக்காக 2014-ல் 310 ரூபாய்க்குக் கொள்முதலான எல்.இ.டி. பல்பு 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது. பல்பில் புது விஞ்ஞானம் ஒன்றும் அந்த இரண்டு ஆண்டில் பிறந்துவிடவில்லை. மொத்தமாக வாங்கினார்கள், இறங்கியது. வருகிற ஆண்டு பரவப்போகிற பொருள் எது என்று தெரிய வேண்டுமானால், ஏற்கெனவே பத்து ஆண்டாக இருந்துகொண்டு விலை மட்டும் வழிமறிக்கும் பொருளைத் தேடுங்கள். இன்றைக்குத்தான் பிறந்ததைத் தேடாதீர்கள்.

இனி என் கணிப்புகள்.

போனில் தட்டச்சு செய்யத் தயங்குகிறவர்கள், நம் அப்பத்தாக்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், வரும் ஆண்டில் போனோடு பேசத் தொடங்குவார்கள். செயற்கை நுண்ணறிவு சாமானியர் கைக்குக் குரல் வழியாகத்தான் போகும். ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நாம் எழுதுகிற தமிழ் ஒன்று, பேசுகிற தமிழ் வேறு. புத்தகத் தமிழில் பழகிய எந்திரம், "ஏலே, அங்கன என்ன வெல போகுது?" என்று திருநெல்வேலிக்காரர் கேட்டால் திணறும். "போயிட்டு வர்றனுங்" என்று கொங்கு நாட்டில் சொன்னால் அதற்குப் புரியாது. அந்த முடிச்சை அவிழ்க்கிறவர் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கேமரா வைத்த மூக்குக்கண்ணாடிகளைப் பற்றி ஆண்டு முழுக்கப் பேசுவார்கள். நம் தெருக்களில் அதிகம் பார்க்க மாட்டீர்கள். 2013-ல் கூகுள் கண்ணாடி 1,500 டாலருக்கு வந்தது. 2015-ல் விற்பனை நின்றது. எதிரில் இருப்பவர் தன்னைப் படம் பிடிக்கிறாரோ என்ற கூச்சம் இன்னும் யாருக்கும் போகவில்லை.

மூன்றாவது, மக்கள் போனை மாற்றுவதற்கு இன்னும் அதிக நாள் எடுத்துக்கொள்வார்கள். பேட்டரி மாற்றுவதும் பழைய போன் வாங்கி விற்பதும் வளரும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு உங்கள் பதிவாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பட்டமளிப்பு விழாவன்று அதைப் பிரித்துப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். எது பொய்த்திருந்தாலும் எனக்கு எழுதுங்கள். யாரிடம் நான் போய்க் கேட்கத் தவறினேன் என்பதையும் அதில் எழுதுங்கள். அவரைத் தேடிப் போய்ப் பார்ப்பேன்.